கங்கைக் கரையில் ஒரு கடல் வாத்து

தில்லிவாழ் தமிழன்பர்கள் ஹரித்துவாருக்குச் செல்வது பெரும்பாலும் நீராடுவதற்காகவே. குளிர்காலத்தில் செல்வோர், அங்கிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரிஷிகேசம் வரை சென்றால், காணத்தக்க ஒரு நீர்ப்பறவை அங்கே உண்டு. சென்ற தை மாத விடுப்பில் இரண்டு காலைப் பொழுதுகளை அதனைக் கண்டு கழிக்கும் பேறு எனக்குக் கிட்டியது.

மெர்கான்சர் என்பது அதன் பெயர். 1758-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் தம் நூலில் இதனைக் குறித்துள்ளார். கடல் வாத்துகள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்ததாயினும், இது ஆறுகளையும் ஏரிகளையுமே பெரிதும் நாடுவது. ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, வெண்ணிற உடல். பெண்ணுக்குச் செம்பழுப்புத் தலை, பின்புறம் கலைந்த கொண்டை, சாம்பல் நிற உடல். இரண்டுக்கும் அலகு சிவப்பு. அதன் ஓரங்களில் அரம்போன்ற பற்கள். வழுக்கும் மீனைப் பற்றுதற்கு அவையே துணை.

லடாக், திபெத்து முதலிய உயர்நிலங்களில், மரப்பொந்துகளிலும் பாறையிடுக்குகளிலும் இவை முட்டையிடுகின்றன. பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் பொந்திலிருந்து கீழே குதித்துத் தாயைப் பின்தொடர்ந்து நீரையடைகின்றன. அந்நீர் உறையும் காலத்தில் இமயத்தின் அடிவாரத்து ஆறுகளுக்கு வந்து சேர்கின்றன.

நான் கண்டவை ஏழு. கூட்ஸ் வண்டிப் பெட்டிகள்போல வரிசையாக வந்து, தலையை நீருள் அமிழ்த்திப் பார்த்து, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன், அரை நிமிடத்துக்குள் மேலெழுந்துவிட்டன. ஒன்றன் வாயில் வெள்ளி மீன் துடித்தது.

இப்பறவை கண்ணால் கண்டே இரை தேடுவது. மழைக்காலத்து வண்டல் படிந்து, பனியுருகும் வெள்ளம் தொடங்காத அம்மாதங்களில்தான் கங்கை தெளிந்து ஓடுகிறது. அத்தெளிவே இதற்குச் சோறு. புண்ணியம் தேடிச் செல்லும் நாமோ இலைத் தொன்னைகளையும் நெகிழிப் பைகளையும் அந்நீரிலேயே விட்டு வருகிறோம். நாம் ஒருநாள் முழுகி எழும் நீரில் அது குளிர்காலம் முழுவதும் உண்டு வாழ வேண்டியிருக்கிறது. கொண்டுசெல்லும் பைகளைக் கையோடு திரும்பக் கொண்டுவருதல் நமக்குப் பெரும் பாரமன்று.

குழந்தைகளுடன் செல்லும் அன்பர்கள் விடியற்காலையில், படித்துறைகளில் கூட்டம் சேருமுன், ஆற்றின் நடுவே கற்கள் நிறைந்த பகுதிகளை நோக்குக. பங்குனி பிறந்தபின் செல்வோர் இதனைக் காண்பது அரிது.