ஆணிமுத்தும் ஷார்ட்ஸ்டாப்பும்

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (கடைசியாக நடந்து முடிந்தது 1961-ல்) எடுத்த எடுப்பில் எல்லாரும் கடலில் குதித்துவிட மாட்டார்கள். முதலில் பாரிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி அள்ளி, திறந்து பார்த்து மதிப்புப் போடுவார்கள். தேறும் என்றால்தான் அறிவிப்பு. கிடைத்த முத்துக்களைப் பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலித்தால் அளவுவாரியாகப் பிரிந்துவிடும். ஆனால் அதில் ஆணிமுத்து எது என்று சல்லடை சொல்லாது. உருட்டிப் பார்த்து, ஒளி பார்த்து, கண்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் மைதானங்களில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட்டுகளின் பிழைப்பும் இதேதான். அடிப்பது, அடியில் உள்ள பலம், ஓட்டம், எறியும் கை, பந்து தடுப்பது என்று ஐந்து விஷயத்துக்கும் 20-லிருந்து 80 வரை மார்க். இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பை எடை போடுவதுதான் இதில் கஷ்டம். கல்லூரிப் பையன்கள் உலோக மட்டையால் அடிப்பார்கள். மேலே போனால் மரமட்டை. அதனால் அடித்த கணக்கில் பாதியைக் கழிக்க வேண்டும். தடுக்கும் கணக்கோ தாளிலேயே சரியாக ஏறாது. எட்டாத பந்தை விட்டவன் பெயரில் தப்பு விழாது, ஓடிப்போய்த் தொட்டு நழுவவிட்டவன் பெயரில் விழும்! கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நிற்பவனின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

சரி, தூத்துக்குடிக்கு வருவோம். 2017 டிஎன்பிஎல்லில் டூட்டி பேட்ரியாட்ஸ் சட்டையில் 17 வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். வாஷிங்டன் சுந்தர். சென்னைப் பையன். ஆட்டங்களும் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி சங்கர் நகரில்தான். தூத்துக்குடிக்காரர்கள் தங்கள் ஊர் அணியைப் பார்க்கவே பஸ் ஏற வேண்டும்! அது தனிக் கதை.

அதற்குச் சில மாதம் முன்புதான் அஸ்வின் காயத்தால் விலக, அவர் இடத்தில் ஐபிஎல் புனே அணி இவரை எடுத்திருந்தது. வான்கடேயில் மும்பைக்கு எதிராக 16 ரன்னுக்கு 3 விக்கெட். அவ்வளவுதான், 'ஆஃப் ஸ்பின்னர்' என்று சீட்டு ஒட்டியாகிவிட்டது. டூட்டி சட்டையில் இவர் எடுத்ததோ 459 ரன், 15 விக்கெட். தொடர் நாயகன். அக்டோபரில் ரஞ்சியில் திரிபுராவுக்கு எதிராகச் சதம். இருந்தும் ஒட்டிய சீட்டு கிழியவில்லை. டிசம்பரில் இந்திய அணிக்குள் வந்தது பந்து வீசத்தான்.

பீல்டிங்? அங்கே இன்னும் சிக்கல். அந்த ஆண்டு யோ-யோ தேர்வில் முதலில் தேறவில்லை. உழைத்து மறுபடி ஓடித் தேறினார். அதைவிடப் பெரிய விஷயம், அவருக்கு ஒரு காதுதான் கேட்கும். சின்ன வயதிலேயே தெரிந்த குறை. பீல்டிங் நிற்கும்போது சிரமம் உண்டு, கூட ஆடுபவர்களுக்கும் அது தெரியும் என்று பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். மட்டையில் பந்து படும் சத்தத்திலேயே காலை எடுத்து வைப்பவன்தான் நல்ல பீல்டர் என்பார்கள். உயரக் கிளம்பிய பந்துக்கு "என்னுது" என்று கத்துவதும் காதை நம்பித்தான். எந்த ஸ்கோர்கார்டில் இதற்குக் கட்டம் இருக்கிறது? 20-லிருந்து 80 வரை எந்த மார்க்கைப் போடுவது?

2021 ஜனவரி, பிரிஸ்பேன். வலைப்பந்துவீச்சாளராக அங்கே தங்கவைக்கப்பட்டவர், ஆள் பற்றாக்குறையில் டெஸ்ட்டுக்குள் வந்தார். சரியான வெள்ளை பேட் (காலில் கட்டுவது) கூட இல்லாமல் ஆட்டம் தொடங்கிய பிறகு கடையில் வாங்கிக் கொடுத்தார்களாம். முதல் விக்கெட் ஸ்டீவ் ஸ்மித். பிறகு 186-க்கு 6 என்று தவித்தபோது ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். இவர் பங்கு 62. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். சங்கர் நகரில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு என்ன ஆச்சரியம் இருந்திருக்கப் போகிறது? :-)

முதல் டெஸ்ட் சதம் 2025 ஜூலையில் மான்செஸ்டரில் வந்தது. ஐந்தாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 101, ஜடேஜாவோடு நின்று தோல்வியைத் தவிர்த்த ஆட்டம். டூட்டி சட்டையில் கண்ணுக்குத் தெரிந்த பேட்ஸ்மேனை நாடு ஒத்துக்கொள்ள எட்டு வருஷம்!

அந்தச் சட்டைதான் இப்போது இல்லை. 2021-ல் அணி சேலம் ஸ்பார்டன்ஸ் ஆகிவிட்டது. டிஎன்பிஎல்லில் தூத்துக்குடிப் பெயரில் அணி கிடையாது. கடற்கரை மணலில் டென்னிஸ் பந்துக்குப் பாய்ந்து விழுகிற பையனுக்கு மார்க் போட, நோட்டுப் புத்தகத்தோடு யாராவது அந்தப் பக்கம் வந்தால் நன்றாக இருக்கும். டென்னிஸ் பந்து என்பதால் அவன் அடிப்பதில் பாதியைக் கழித்துக்கொள்ளட்டும். பாய்வதில் கழிக்க ஒன்றும் இல்லை.