வயித்தால போறது

லிம்போமாவுக்குக் கீமோ ஏற்றிக்கொண்டவருக்கு வயித்தால போனால், "கீமோன்னா அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எங்கம்மாவுக்கும் அதையே சொன்னார்கள். மருந்தாலும் பேதியாகும், உண்மைதான். ஆனால் வெள்ளையணு இறங்கிக் கிடக்கிற உடம்பில் வைரஸும் அதே வேலையைச் செய்யும். நல்லா இருக்கிற ஆளுக்கு ரெண்டு மூணு நாளில் நிற்கிற நோரோ வைரஸ், இவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். சைட்டோமெகலோ வைரஸ் இன்னொரு தினுசு. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சின்ன வயசிலேயே நுழைந்து சும்மா கிடக்கும். எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் கிளம்பிப் பெருங்குடலைப் புண்ணாக்கும்.

அம்மாவுக்கு வந்தது அதுதான். முதலில் கண்டது டாக்டர் இல்லை, வார்டு கூட்டுற அக்கா. பெட்பேனை எடுத்தவர், "தம்பி, ரத்தம் கலந்து போவுது. பெரிய டாக்டர் வந்தா விடாம சொல்லு" என்றார். சொன்னேன். குழாய் விட்டுக் குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கான்சைக்ளோவிர் ஏற்றினார்கள். மூணாவது வாரம் அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

அந்த அக்கா காண்ட்ராக்ட் ஆள். எங்க சாதிதான், வேறு யார் வருவார்கள்? அம்மா பேரூராட்சியில் எடுப்புக் கக்கூஸ் அள்ளினவள். 1993ல் தடைச்சட்டம் வந்த பிறகும் அள்ளினவள். படுக்கையில் கிடந்துகொண்டே, "கிளவுசு போட்டுக்கிட்டு அள்ளு புள்ள" என்பாள்.

"குடுத்தாத்தானே பெரியம்மா போடுறதுக்கு?"

வார்டு முழுக்க ஒரே வாளி, ஒரே மாப்பு. நோரோ பீயிலும் வாந்தியிலும் பரவுவது. வாசலில் வைத்திருக்கிற கைமருந்துக்கு அது சரியாகச் சாகாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவணும், பிளீச்சிங் கரைசலால் தரை துடைக்கணும். அந்த வார்டில் நோயாளிகளின் உயிர் கிளவுசு இல்லாத அந்தக் கையில் இருக்கிறது. நாளைக்கு நாலு கட்டிலுக்குப் பேதி பரவினால், "கூட்டுறவ சுத்தமில்ல" என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

தொற்று சோப்புக்குப் போய்விடும். அந்த அக்காவுக்குத் தள்ளி நின்று சம்பளச் சீட்டை நீட்டுகிறவரின் தீட்டு எதற்கும் போகவில்லை.

கீமோ எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால், பேதி நிற்கவில்லையென்றால் மலப் பரிசோதனை கேளுங்கள். கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: கட்டிலுக்குக் கட்டில் மாற்ற புதுக் கிளவுசு, தனி மாப்பு, துப்புரவு செய்கிறவருக்கு நிரந்தர வேலை. இதுவும் வைத்தியந்தான்.