இரண்டாவது குழல் எதற்கு?

நம் பக்கத்தில் இன்று யாராவது "பறவை சுடத் துப்பாக்கி வாங்கப் போகிறேன்" என்று சொன்னால், அடுத்த நாள் வாசலில் வனத்துறை நிற்கும். ஆனால் பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது சட்டப்படி நடக்கிற காரியம். என் அக்காள் மகன் ஒர்லேயான் பக்கம் குடியிருக்கிறான். வேட்டை லைசென்ஸ் பரீட்சையில் தேறிவிட்டானாம். எந்தப் பறவையைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்பது முதல் துப்பாக்கியை எப்படிப் பிடித்து வேலி தாண்டுவது என்பது வரை கேட்டார்களாம். தேறிய கையோடு எனக்குப் போன் செய்தான்.

"மாமா, ரெட்டைக்குழல் ஒண்ணு வாங்கணும். குழல் பக்கம் பக்கமா இருக்கறதை வாங்கறதா, ஒண்ணு மேல ஒண்ணா இருக்கறதை வாங்கறதா? தாத்தா வச்சிருந்த மாதிரியே பழசு ஒண்ணு விலைக்கு வருது."

அவன் தாத்தா, அதாவது என் அப்பா, சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பனித்திட்டில் எங்கள் வீட்டு உள்ளறையில் அவருடைய 16 காலிபர் இரட்டைக்குழல் துப்பாக்கி எண்ணெய்த் துணி சுற்றி மாட்டியிருக்கும். 'ரொபுஸ்ட்' என்று பெயர். செயின்ட் எத்தியேன் நகரத்து மானுஃபிரான்ஸ் கம்பெனித் தயாரிப்பு. 1885இல் தொடங்கிய கம்பெனி அது. தையல் மெஷின், சைக்கிள், துப்பாக்கி எல்லாவற்றையும் ஒரே தடித்த கேட்லாக்கில் போட்டுத் தபாலில் விற்றார்கள். 1980களில் மூடிவிட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஆங்கிலேயர் வழியில் 12 போர்தான் அதிகம். பிரெஞ்சுக்காரர்களுக்கு 16 மேல் தனிப் பிரியம். இந்த எண் என்ன கணக்கு என்று பலர் கேட்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். 16 உருண்டையாக்கினால் 16. அதனால் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ., 16இன் விட்டம் சுமார் 16.8 மி.மீ.

இனி மருமகன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கம் பக்கமாகக் குழல் இருப்பது பழைய முறை. நம் ஊரில் லைசென்ஸ் புத்தகத்தில் 'டி.பி.பி.எல்.' என்று எழுதியிருந்தால் அநேகமாக இதுதான். அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பும் இந்த வகைதான். ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் அடுக்கிய வகை பரவலானது பிறகுதான். அமெரிக்கர் ஜான் பிரௌனிங் அதை வடிவமைத்துக்கொண்டிருந்தபோதே 1926இல் பெல்ஜியத்தில் காலமானார். மகன் வால் பிரௌனிங் வேலையைத் தொடர்ந்தார். 1931இல் அது கடைக்கு வந்தது.

பக்கக்குழலுக்கு உள்ள நன்மைகளை அப்பாவின் வேட்டையை வைத்தே சொல்லலாம். மழைக்காலம் முடிந்ததும் கிருமாம்பாக்கம் வழியாகப் பாகூர் ஏரிப் பக்கம் சைக்கிளில் போவார். ஏரியில் கிளுவை, நாமக்கோழி. ஏரிக்குக் கீழே நடவு முடிந்த வயலில் உள்ளான். உள்ளான் காலடியில் இருந்து கிளம்பும். நேராகப் பறக்காது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். அதைச் சுடுவது அவ்வளவு கடினம் என்பதால்தான், இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் உள்ளானின் ஆங்கிலப் பெயரான 'ஸ்னைப்' என்பதிலிருந்து 'ஸ்னைப்பர்' என்ற சொல்லை உண்டாக்கினார்கள். இன்று ராணுவத்தில் மறைந்திருந்து சுடுபவனுக்கு அந்தப் பெயர்.

வரப்பில் நாள் முழுவதும் நடப்பவனுக்குத் துப்பாக்கி இலேசாக இருக்க வேண்டும். பழைய துப்பாக்கிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: தோட்டாவில் உள்ள ரவையின் எடையைப் போல் 96 மடங்கு துப்பாக்கி எடை இருந்தால் தோளில் உதை தாங்கும். 28 கிராம் ரவைக்குச் சுமார் 2.7 கிலோ. 16 காலிபர் பக்கக்குழலுக்கு இது சரியாகப் பொருந்தும். தோட்டா மாற்ற மடக்கும்போதும் பக்கக்குழல் கொஞ்சம் திறந்தால் போதும். அடுக்குக்குழலில் கீழ்க்குழல் ஆழத்தில் இருப்பதால் அகலமாகத் திறக்க வேண்டும். தோணியில் குனிந்து உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

முக்கியமான வசதி, இரண்டு விசை. அப்பாவின் துப்பாக்கியில் முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடது குழலுக்கு. வலது குழலின் வாய் அகலம். ரவை சீக்கிரம் விரியும், கிட்டத்துப் பறவைக்கு. இடது குழலின் வாய் சற்றே குறுகல். இதைத்தான் 'சோக்' என்பார்கள். ரவை நெருக்கமாகப் போகும், தூரத்துப் பறவைக்கு. எது வேண்டுமோ அதை ஒரு விரல் நகர்த்தலில் எடுத்துக்கொள்ளலாம். அடுக்குக்குழலிலும் ஒரு குழல் அகலம், மற்றது குறுகல்தான். ஆனால் அநேகமாக ஒரே விசை. எந்தக் குழல் முதலில் என்பதை ஒரு சிறு பொத்தானைத் தள்ளி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுக்குக்குழலின் பக்கமும் நியாயம் உண்டு. ரவைத் துப்பாக்கியில் ரைபிள் போலக் குறி வைப்பதில்லை. விரலால் காட்டுவது போலக் காட்டுகிறோம். அடுக்குக்குழலில் கண்ணுக்கு முன்னால் ஒற்றைக் குழல்தான் தெரியும். கோடு மெல்லியது, பறவை தெளிவு. முதலில் வெடிப்பது வழக்கமாகக் கீழ்க்குழல்; அது தோளுக்கு நேராக இருப்பதால் முனை அதிகம் எழும்பாது, இரண்டாவது வெடிக்குச் சீக்கிரம் தயாராகலாம். களிமண் தட்டு சுடும் போட்டிகளில் எல்லார் கையிலும் இதுதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வெள்ளி வாங்கியதும், நம் புதுக்கோட்டைப் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டதும் இந்தத் தட்டுப் போட்டிகளில்தான்.

மருமகனுக்கு நான் சொன்னது இதுதான்: "நீ புதுசா கத்துக்கறவன். முதல் ரெண்டு வருஷம் கிளப்புல களிமண் தட்டைத்தான் அதிகமா சுடப்போற. மேல கீழ குழல் இருக்கறதை வாங்கு. ஆனா கடையில வெறும் துப்பாக்கியை எடுத்து, கண்ணை மூடித் தோள்ல வச்சு, கண்ணைத் திற. குழல் மேல நேரா பார்வை போகணும். கட்டையை ஏத்தி இறக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தா அது உனக்கு ஆகாது. எந்த வகைங்கறதைவிட இதுதான் பெரிசு."

"அப்போ தாத்தா மாடல், மாமா?" என்றான். குரல் இறங்கிவிட்டது. அவன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. போட்டோவில் துப்பாக்கியோடு நிற்பவரைத்தான் தெரியும்.

வாங்கினால் சுவரில் மாட்டு, சுடாதே என்றேன். காரணம் உண்டு. ஈய ரவை ஏரியில் விழுந்தால் மண்ணோடு கிடக்கும். வாத்துகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். கல் என்று நினைத்து ரவையையும் விழுங்கும். சில ரவையே ஒரு வாத்தைக் கொல்லும். அதனால் பிரான்சில் நீர்நிலைகளில் ஈய ரவையை 2006இலேயே தடை செய்துவிட்டார்கள். பதிலுக்கு வந்த எஃகு ரவை கடினமானது. பழைய மெல்லிய குழலையும் குறுகலான வாயையும் அது கெடுத்துவிடும். வலுவான எஃகுத் தோட்டாவுக்குச் சோதித்த குழலில் லில்லிப்பூ முத்திரை குத்தியிருப்பார்கள். அது இல்லாத குழலில் அந்தத் தோட்டாவைப் போடக் கூடாது. இன்னொன்று: அந்தக் காலத்து 16 காலிபர் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. நீளம்தான். இன்றைய தோட்டா 70 மி.மீ. உள்ளே நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. வெடித்து விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

"பக்கக்குழல்தான் வேணும்னு மனசு கேட்டா, புதுசா அதே மாதிரி செய்யறாங்க. ரெண்டு விசை வச்சதா வாங்கு" என்றேன். யோசிக்கிறேன் என்றான்.

எங்கள் துப்பாக்கி இப்போது இல்லை. எழுபதுகளின் நடுவில் அப்பாவே கொண்டுபோய் அரசிடம் ஒப்படைத்துவிட்டார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. லைசென்ஸ் பெற்றுச் சில பறவைகளைச் சுடலாம் என்றிருந்ததும் 1991 திருத்தத்தோடு போயிற்று. இந்தச் சிந்தனை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. வேடந்தாங்கல் ஜனங்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பார்த்துப் பொறுக்காமல் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே உத்தரவு வாங்கியவர்கள். நம் ஊசுட்டேரி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 2008இல்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுடன் ஏரிக்குப் போவேன். விழுந்த பறவையை எடுத்து வருவது என் வேலை. ஒருநாள் ஒரு கிளுவை சிறகில் மட்டும் அடிபட்டுக் கோரைக்குள் விழுந்தது. அப்பா உடனே இடது குழலால் சுட்டார்; தப்பிவிட்டது. தலைக்கு மேலே இன்னொரு கூட்டம் போயிற்று. அப்பா தலை நிமிரவில்லை. துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை வெளியே எடுத்துக் கரையில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தானும் இறங்கினார். இருட்டும் வரை இருவரும் இடுப்பளவு தண்ணீரில் தேடினோம். கிடைத்தது. அன்று அதற்கு மேல் சுடவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்: "ரெண்டாவது குழல் ரெண்டாவது பறவைக்கு இல்லடா. மொத பறவை கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

மருமகனுக்கு இதைப் போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதினேன். எந்தக் குழலை வாங்கினாலும் அவன் இதைப் படித்துவிட்டு வாங்கட்டும்.