ஆட விட்டோமா?

நம் தேசத்துப் பெண்களின் கால்பந்து அணியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அப்படி ஓர் அணி இருக்கிறதா?" என்று வியக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. கிரிக்கெட் என்றால் பாட்டனார் காலத்துக் கணக்கையும் ஒப்புவிப்பவர்கள் அவர்கள்!

1980-ம் வருஷம் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இறுதிப் பந்தயம் வரை சென்று, தைவானிடம் தோற்று இரண்டாவதாக வந்தார்கள். 1981-ல் ஹாங்காங்கில் மூன்றாமிடம். 1983-ல் பாங்காக்கில் தாய்லாந்திடம் தோற்று மீண்டும் இரண்டாமிடம். அந்த வருஷமே சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது.

"சீனா அப்போது ஆடவில்லையே!" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வாஸ்தவந்தான். சீனா 1986-ல்தான் முதன்முதலாக வந்தது. வந்த வருஷமே கோப்பையை வென்றது. 1999 வரை வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நம்மவர்களோ, 2009-ல், நெடுநாள் சர்வதேசப் பந்தயம் எதுவும் ஆடாத காரணத்தால், உலகத் தர வரிசைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். தோற்றுத் தோற்றுக் கீழே இறங்கியிருந்தாலாவது மனம் சமாதானம் அடைந்திருக்கும். பந்தயமே ஏற்பாடு செய்யாமல் பெண்களின் திறமையைக் குறை சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி?

ஆட விட்டபோது என்ன நடந்தது? 2010 முதல் 2019 வரை நடந்த ஐந்து தெற்காசியப் போட்டிகளிலும் கோப்பை நம்முடையதே. 2019-ம் வருஷத்து அணியில் ஆடிய கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன், மறு வருஷம் கொரோனா ஊரடங்கில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டராகச் சென்னைத் தெருக்களில் காவல் புரிந்தார். வயிற்றுப்பாட்டுக்கு உத்தியோகமும் மனத்துக்குப் பந்துமாக வாழும் இத்தகைய பெண்கள் அந்த அணியில் பலர்.

2022-ல் ஆசியக் கோப்பைப் போட்டி நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானுடன் கோலின்றிச் சமமாக ஆடியதோடு சரி. அணிக்குள் கொரோனா புகுந்துவிட, அடுத்த பந்தயத்துக்கு ஆளில்லாமல் விலக நேர்ந்தது. அதே வருஷம் தெற்காசியக் கோப்பையையும் வங்கதேசம் கொண்டு போயிற்று.

ஆனால் 2025 ஜூன், ஜூலை மாதங்களில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நடந்ததைக் கேளுங்கள். மங்கோலியாவின்மீது 13 கோல், திமோர் நாட்டின்மீது 4, ஈராக்கின்மீது 5. கடைசியில் தாய்லாந்து, 2015, 2019 இரண்டு உலகக் கோப்பைகளிலும் ஆடிய அணி. சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல் போட்டார். 2-1 என்று நமக்கு ஜயம். தகுதிப் பந்தயங்களில் வென்று நம் பெண்கள் ஆசியக் கோப்பைக்கு இடம்பெற்றது அதுவே முதல் தடவை. 1983-ல் கோப்பையை இழந்ததும் அதே தாய்லாந்து மண்ணில்தான்!