சென்டர் ஸ்பீக்கர்

மதுரையில் ஓர் இரண்டாம் மாடி வீடு, ஞாயிறு மாலை. ஹால் ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் நான். காபி கொடுத்ததோடு என்னை மறந்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

புது ஹோம் தியேட்டர் வந்திருக்கிறது. 5.1 என்றால் ஐந்து சின்னப் பெட்டி, ஒரு வூஃபர். வூஃபர் மூலையில், ஷோகேஸை ஒட்டி நிற்கிறது. சோபாவுக்குப் பின்னால் போகவேண்டிய சரவுண்ட் இரண்டும், ஒயர் எட்டாததால் பீரோ தலையில் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. சென்டர் ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், கொலு பொம்மை அட்டைப்பெட்டிக்குப் பின்னால்.

மகன் ரிமோட்டோடு தரையில். வயசு நாற்பதுக்கு மேல் இருக்கும், இன்றைக்குப் பன்னிரண்டு. முதலில் டெஸ்ட் டோன். 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் பெட்டி பெட்டியாகச் சுற்றி வருகிறது. சோபாவில் இருக்கும் பெரியவர் ஜன்னலைப் பார்க்கிறார்.

"மழையா?"

"இல்லப்பா, செட்டிங்."

படம் ஓடுகிறது. கதாநாயகன் நடக்க, ஷோகேஸ் கண்ணாடி டிர்ரென்கிறது. உள்ளே ஒரு கோப்பை நகர்ந்து இன்னொன்றில் இடிக்கிறது. மகன் முகத்தில் பெருமை. மூலையில் வைத்த வூஃபருக்கு இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஏற்றிக் கொடுக்கும். அவர் அதைப் பெட்டியின் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"எப்பிடிப்பா இருக்கு?"

"சத்தம் நல்லா வருது. என்ன பேசுறான்னுதான் தெரியல."

வால்யூம் ஏறுகிறது. உடனே சண்டைக் காட்சி. அடுப்படியிலிருந்து "ஏங்க!" வால்யூம் இறங்குகிறது. மறுபடி வசனம், மறுபடி ஏற்றம். கட்டைவிரலுக்கு ஓய்வில்லை.

ஈக்வலைசரைத் திறக்கிறார். ராக். பாப். ஜாஸ். ஸ்டேடியம். ஸ்டேடியத்தில் கதாநாயகி கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறாள். ராத்திரிதோறும் சீரியல் ஓடும் வீட்டில் ஜாஸுக்கு என்ன வேலையோ!

பெரியவர் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துப் பார்க்கிறார். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சுப் பக்கத்து ஒலிகளை. ச, ட, த போன்ற எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அது மங்கினால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. போதாததற்கு வூஃபரும் உறுமினால் மிச்சமும் அமுங்கிப்போகும். வால்யூமை ஏற்றினால் உறுமலும் சேர்ந்துதானே ஏறும்? இதை மகனிடம் யார் சொல்வது? நான் காபியைக் குடித்தேன்.

பத்தாம் வகுப்புப் பேத்தி செல்போனிலிருந்து தலையைத் தூக்குகிறாள். எழுந்து வந்து அட்டைப்பெட்டியை நகர்த்துகிறாள். சென்டர் ஸ்பீக்கரை விளிம்புவரை இழுத்து, முன்பக்கம் தாத்தா முகத்தைப் பார்க்கும்படி அடியில் ஒரு அழிரப்பரைச் செருகுகிறாள். 5.1 படத்தில் வசனம் பெரும்பாலும் வருவது அந்த நடுப்பெட்டி வழியாகத்தான். அதுவரை அது பொம்மைகளோடு பேசிக்கொண்டிருந்தது. பிறகு அப்பா கையிலிருந்து ரிமோட். சென்டர் பிளஸ் 4. வூஃபர் மைனஸ் 5. நைட் மோட் ஆன். உரத்த ஒலியை அடக்கி மெல்லியதைத் தூக்கிவிடும் வசதி அது.

ஷோகேஸ் அடங்கிவிட்டது.

"பேஸே இல்லியே" என்கிறார் மகன்.

பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. காமெடியன் பேசிய ஏதோ ஒன்றுக்கு எல்லோருக்கும் முன்னால் சிரித்துவிட்டார். பேத்தி செல்போனுக்குத் திரும்பியதும், மகன் வூஃபரை இரண்டு புள்ளி ஏற்றினார். கோப்பை நகரவில்லை. இருந்தாலும் ஒரு புள்ளி இறக்கி வைத்தார்.

புது செட் வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் போட்டுக்காட்டும் வெடிச்சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவரையும் கூட அழைத்துப்போங்கள்.