அணைக்குக் கீழே இருப்பவர்கள்

திருப்பூரில் சாயத்தொழில் செய்யும் எங்களுக்கு ஊர் ஆதரவு என்றால் கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, பள்ளிக்கு வகுப்பறை, அக்கம்பக்கத்தாருக்கு வேலை. நல்ல காரியங்கள்தான், ஆனால் பட்டறையைச் சுற்றிய தெருக்களோடு அவை நின்றுவிடும். சாயத்தண்ணீர் அங்கே நிற்காமல் நொய்யல் ஆற்றோடு கீழே போகும். பாசனத்துக்காக 1992இல் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை எங்கள் கழிவு தேங்கும் குட்டையானது. அதற்குக் கீழே கிணறு கெட்ட விவசாயிக்கு எங்களிடம் வேலையும் இல்லை, பனியன் ஏற்றுமதியில் பங்கும் இல்லை. நம்மால் ஒரு லாபமும் காணாத அவர் நம்மை ஏற்கிறாரா என்பதில்தான் தொழிலின் ஆயுள் இருக்கிறது.

சிக்கல் உப்பில்தான். ரியாக்டிவ் சாயம் பருத்தியில் தானாக ஏறாது. உப்புப் போட்டால்தான் பிடிக்கும். அடர்கறுப்புக்குத் துணியின் எடையில் பாதிக்கு மேல்கூட உப்புச் செலவாகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்போ அத்தனையும் தண்ணீரோடு வெளியேறும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறம் போகும், நாற்றம் போகும், உப்பு மட்டும் போகாது. தெளிவாகத் தெரிந்த அந்தத் தண்ணீரைத்தான் சுத்தமென்று ஆற்றில் விட்டோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி கையில் இருந்தது. கீழே கிணறு கரித்தது.

உப்பை நீக்கும் செலவு கட்டாது, சிறு பட்டறைகள் படுத்துவிடும், தொழிலாளர் பிழைப்புப் போகும் என்று அன்று வாதாடினோம். பொய்யான பயமல்ல அது. ஆனால் விவசாயிகளின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, எந்தப் பிழைப்பைச் சொல்லித் தள்ளிப்போட்டோமோ அதுவே முதலில் போனது. துணி சாயமேற வெளிமாநிலம் போனது. பிறகு அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனோடு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் ஒழுங்காக ஓடத் தொடங்கின. தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயத்தொட்டிக்கே வந்தன. கட்டாது என்ற செலவு இன்று கூலிக்கணக்கில் ஒரு வரி.

நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதை மக்கள் ஏற்பு என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லக் கூடாது என்பேன். அந்த ஏற்பை நாம் இன்னும் சம்பாதிக்கவில்லை. மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டைகள் கூரைக்கடியில் அடுக்கியே கிடக்கின்றன. மழையிரவில் எவரோ ஒருவர் திறந்துவிடும் குழாய் நம் எல்லோர் பெயரிலும்தான் ஓடுகிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சட்டைப்பையில் அடங்கும் கருவி. பட்டறை நடத்தும் நண்பர்களே, அணைக்குக் கீழே இருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு எந்த நேரம் வந்தாலும் கேட்டைத் திறந்துவிடுங்கள்.