நன்னிக்கும் ஓர் அழைப்பிதழ்

திருமண அழைப்பிதழும் ஒருவகைச் சிற்றிலக்கியமே என்று வகுப்பில் நான் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. தலைவனும் தலைவியும் உண்டு. குலமுறை கிளத்தல் உண்டு. நாளும் பொழுதும் இடமும் தவறாமல் உண்டு. தொல்காப்பியர்தாம் அதற்கு இலக்கணம் கூறவில்லை, அச்சகத்தார் கூறிவிட்டனர். என் மூத்த மகளின் நிக்காஹ் உறுதியான வேளையில் அவ்விலக்கணத்தைப் பயிலும் வாய்ப்பு எனக்கும் கிட்டியது.

பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனி கூப்பிடு தொலைவுதான். அங்கே அச்சகம் என்றால், ஒரு காலத்தில், ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்து டிரெடில் பொறியில் அடிக்கும் கூடமாகவே இருந்தது. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிய நாள்தொட்டு, தமிழ் இத்தகைய உலோக எழுத்துகளில் நெடுங்காலம் நடந்து வந்தது. என் அத்தாவின் கல்யாணப் பத்திரிகையும் அவ்வாறு அடித்ததே. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது ஆகையால், அதில் லையும் னையும் துதிக்கை தூக்கி நிற்கின்றன. தாளின் பின்புறத்தைத் தடவினால் எழுத்தின் அழுத்தம் இன்றும் விரலுக்குத் தென்படும்.

இன்றைய கடையில் மூன்று வழிகளைக் காட்டினர். சிவகாசியிலிருந்து பூவேலையுடன் வரும் ஆயத்த அட்டையில் நம் செய்தியை மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஏற்றுவது ஒன்று. முழுவதையும் ஆஃப்செட்டில் பல வண்ணத்தில் அடிப்பது மற்றொன்று. கணினியிலிருந்து நேரே அச்சிடும் டிஜிட்டல் மூன்றாவது. மகளுக்குத் தங்க ஃபாயில் பதித்த அட்டைமீது கண். மின்னும் எழுத்து கண்ணைக் கவரும் என்பது மெய். ஆனால் முதிய கண்கள் அதை வாசிக்க விளக்கின்கீழ் அட்டையை இப்படியும் அப்படியும் சாய்க்க நேரும். அழகு வாசிப்புக்குத் தடையாகலாகாது என்பது என் கட்சி.

தலைப்பில் பிஸ்மில்லாஹ் பொறிப்பதா, 786 என இடுவதா என்னும் வழக்கும் எழுந்தது. நாள் கழிந்தபின் அட்டை குப்பையில் சேரும். திருவசனம் காலடியில் படலாகாது என்போர் எண்ணை நாடுகின்றனர். எண்ணுக்கு மார்க்கத்தில் இடமில்லை என்று மறுப்போரும் உளர். சம்பந்தி வீட்டாரும் நாங்களும் ‘இறைவன் திருப்பெயரால்’ என்று தமிழில் இட்டு அமைந்தோம்.

எழுநூறு படிகளுக்கு ஆஃப்செட்டே ஏற்றது என்று முடிவாயிற்று. தகடு செய்யும் செலவு படிகள் பெருகப் பெருகப் பரவிக் குறைந்துவிடும் அல்லவா? அவ்வளவில் முடிந்திருக்க வேண்டியது. தொண்ணூறை நெருங்கும் என் நன்னி ஒரு சொல் சொன்னார்.

“எல்லாப் பத்திரிகையையும் யாரையாச்சும் படிக்கச் சொல்லித்தான்யா கேட்டிருக்கேன். எனக்குன்னு ஒண்ணு வந்ததே இல்ல.”

நன்னி பள்ளிக்கூடம் அறியாதவர். ஆனால் எழுத்தறியாதவர் அல்லர். மதரசாவில் கற்ற அரபுத்தமிழை, அதாவது அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழை, இன்றும் தடையின்றி வாசிப்பார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் நூல் இயற்றிய எழுத்து அது. தமிழின் ட, ழ, ங போன்ற ஒலிகளுக்காக அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் குறிகள் இட்டு அதனை அமைத்தனர். உலோகத்தில் அடிக்கப் புதிய வார்ப்புகள் வேண்டும். கல்லச்சுக்கோ எழுதுபவர் கை போதும். நன்னியின் பழுப்பேறிய கிதாபும் கல்லச்சே. 1796 அளவில் செனஃபெல்டர் கண்ட அம்முறையின் உயிர்நிலை, எண்ணெய்ப் பசையும் நீரும் ஒட்டாமையே. நம் எழுநூறு அழைப்பிதழை அடிக்கும் ஆஃப்செட்டும் அதே குலத்துப் பிள்ளைதான் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க.

கடைக் கணினியில் அக்குறிகளுள்ள எழுத்துரு இல்லை. ஆகவே நன்னியையே எழுதச் செய்தேன். இரண்டு பிற்பகல்கள், வெள்ளைத்தாள், கறுப்பு மை. அரபுத்தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டியர் எங்கள் உறவிலும் அறிமுகத்திலும் எத்தனை பேர் என்று வீட்டில் கணக்கிட்டோம். நாற்பது அட்டை போதும் என்றாயிற்று. நாற்பதுக்குத் தகடு செய்வது வீண். அங்கேதான் ஸ்கிரீன் முறை கைகொடுத்தது. ஒளிபட்டால் இறுகும் பசையை வலைத்துணியில் பூசி, எழுத்துப் படியை மேலே வைத்து ஒளி காட்டுவர். எழுத்து மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நீரில் கரைந்து வழிவிடும். ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் எந்தக் கையெழுத்தும் அட்டையில் இறங்கும். நடுங்கிய கோடுகளைக் கணினியில் நேராக்கித் தருவதாக அச்சகத்தார் அன்புடன் சொன்னார். வேண்டாம் என்றேன்.

அட்டைகள் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் போயின. நான்காம் நாள் உத்தமபாளையத்திலிருந்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்து, முதல்வரி தொடங்கிக் கடைசிவரை நன்னிக்கே வாசித்துக் காட்டினார். முடித்ததும், “வலீமா எங்கன்னு போடலையே?” என்று கேட்டார்.

“அது மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில வரும்” என்றார் நன்னி, நூலாசிரியருக்குரிய சிறு எரிச்சலோடு.